கூப்பாட்டு மலை

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தவரை எங்களுக்குக் கத்த வேண்டிய அவசியமே வந்ததில்லை. ஒட்டி ஒட்டி இருக்கும் காம்பராக்களுக்கு நடுவே உள்ள சுவர் கூரையைத் தொடாது. அடுப்படியில் இருந்தபடியே "உப்பு இருக்கா?" என்றால் சுவருக்கு மேலேயே பதில் வரும். பிறகு நோர்வூட்டுக்கு மேலே தனி வீடு கட்டிக் கொடுத்தார்கள். இருபது வீடு, வீட்டுக்கு வீடு நல்ல இடைவெளி. பழக்கம் விடுமா? வாசலில் நின்று கூப்பிட்டோம். கேட்கவில்லை என்றால் இன்னும் பலமாகக் கூப்பிட்டோம். ஒரே மாதத்தில் எதிர் மலை லயத்துக்காரர்கள் எங்கள் இடத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: கூப்பாட்டு மலை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது கங்காணியும் "கூப்பாட்டு மலை ஆளுங்க இந்தப் பக்கம் வாங்க" என்பார். வீடு வீடாகப் போய்ப் பேசி, 'பூஞ்சோலைபுரம்' என்று பலகை எழுதி நட்டேன். அப்போது அங்கே ஒரு பூச்செடிகூடக் கிடையாது.

மகளைப் பெண் பார்க்கப் பொகவந்தலாவையிலிருந்து வருவதாகச் சொன்னபோது, போனில் அந்தப் பெயரைத்தான் பெருமையாகச் சொன்னேன். பையனும் அவளும் ஏற்கெனவே ஒருவரையொருவர் விரும்பினார்கள். ஆனால் பையனின் அம்மா நேரம் காலம் பார்ப்பதில் கறார். ஞாயிறு நாலரைக்கு ராகு காலம். அதற்குள் வீட்டுக்குள் கால் வைக்காவிட்டால் பேச்சே இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார்.

நாலு மணிக்கு அவரே போன் எடுத்தார். "அப்படி ஒரு எடமே இல்லைங்கிறாங்களே. கடை பாய்கிட்டயும் கேட்டாச்சு."

பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. சேலை கட்டி நின்ற மகள் எதிர் மலையைக் காட்டினாள். "அம்மா, அவரு சொன்ன வெள்ளை வேன் அதுதான். தாண்டிப் போறாங்க."

வெட்கத்தை மூட்டை கட்டிவிட்டு, வாசலில் நின்று கத்தினேன். "அந்த வேனை நிப்பாட்டுங்க!" அடுத்த வீட்டில் எடுத்துக் கத்தினார்கள், அதற்கடுத்த வீட்டிலும் எடுத்தார்கள். விஷயம் தெரியாதவர்களும் விடவில்லை. எதிர் லயத்துக்காரர்கள் வேனை மறித்து, எங்கள் பக்கம் திருப்பி அனுப்பினார்கள்.

நாலரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பையனின் அம்மா உள்ளே வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"கூப்பாட்டு மலைன்னு மொதல்லயே சொல்லியிருந்தா பாய் நேரா அனுப்பியிருப்பாரு."

"அந்தப் பேரைச் சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க."

"இதுல என்னா வெக்கம்? ஒரு பொண்ணுக்காக இருபது வீடு கத்துது. எங்க பக்கம் நாலு வீடுகூட எட்டிப் பார்க்காது. வாங்க, நாள் குறிப்போம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். கல்யாணப் பத்திரிகையில் பெண் வீட்டு முகவரியைக் கூப்பாட்டு மலை என்றே அச்சடித்தோம். அக்கம்பக்கத்துக்குச் சொல்ல மட்டும் பத்திரிகை வரும்வரை பொறுக்க முடியவில்லை. நாள் குறித்த அன்றைக்கே வாசலில் நின்று சொல்லிவிட்டேன்.