சிவப்பு பூத்த கருவாடு

1938ஆம் ஆண்டு கட்டுமாவடியில், வீரய்யாவின் கருவாட்டுக் கொட்டகையில் உப்பிட்ட மீனெல்லாம் குங்குமம் பூசியதுபோல் சிவந்து, தொட்டால் பிசுபிசுத்தது. யார் கண் பட்டதோ என்று இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள், மீனுக்கு உப்பிடும் சொர்ணவல்லியின் தலையில் பழி விழுந்தது. தீட்டு நாளில் ஒதுங்காமல் உப்புத் தொட்டியைத் தொட்டுவிட்டாளாம். வீரய்யா அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். சந்தையில் அந்த மீனுக்குச் ‘சொர்ணவல்லிச் செவப்பு’ என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

அவளுக்கு அப்போது வயது ஐம்பத்துமூன்று. தீட்டு நின்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அத்தனை புத்திசாலிகளில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. ஆம்பளைகள் நடுவில் நின்று அவள்தான் எப்படிச் சொல்வாள்? வாயை மூடிக்கொண்டு வீட்டோடு கிடந்தாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தச் சமயத்தில், சென்னையில் கிருமி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆவுடையார்கோவில்காரர் ஆத்மநாதன், சிவந்த மீனைத் தேடி வந்தார். ஊர் சிரித்துக்கொண்டே சொர்ணவல்லியின் வீட்டைக் காட்டியது.

“இது கண்ணுக்குத் தெரியாத கிருமி, ஆத்தா. மத்ததெல்லாம் உப்புல செத்துப்போகும். இதுக்கு உப்பு இல்லாட்டித்தான் உசுரு போகும். உப்பளத்துலேருந்தே உப்போட வருதுங்க” என்றார் ஆத்மநாதன்.

“அப்ப எங் கையில இல்லையா?”

“இல்லைங்க.”

அவர் கொட்டகையில் கிடந்த சிவந்த மீனிலிருந்து கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போனார். சொர்ணவல்லி சும்மா இருக்கவில்லை. ஊறுகாய்க்கு உப்பை வறுத்துப் போடுவதுதானே வழக்கம்? ஒரே வலையில் வந்த சாளை மீனை இரண்டு பானைகளில் பிரித்தாள். ஒன்றில் அளத்து உப்பை அப்படியே போட்டாள். மற்றதில் நன்றாக வறுத்து, ஆறவைத்துப் போட்டாள். மூன்று வாரத்தில் முதல் பானை சிவந்தது. மற்றது வெள்ளையாகவே இருந்தது. இரண்டையும் கொட்டகையில் எல்லார் முன்னாலும் இறக்கிவைத்தாள்.

“ரெண்டுக்கும் இதே கைதான் உப்புப் போட்டுச்சு. ஒண்ணுக்கு மட்டும் உப்ப வறுத்தேன். பாத்துக்கங்க.”

வீரய்யா மாறிமாறிப் பார்த்தார். “நாளைக்கி வேலைக்கி வந்துரு” என்றார். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது.

மறு வருஷம் ஆத்மநாதன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். “ஆத்தா, இந்தக் கிருமிக்கு இதுவரைக்கும் யாரும் பேரு வைக்கலைங்க. ஒங்க பேரையே வச்சுரலாம்னு இருக்கேன். ஒலகம் பூரா தெரியும்.”

சொர்ணவல்லி அரிவாள்மனையை விட்டு எழுந்துவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

“வேணாந் தம்பி. ஊரு வாயிலேருந்து அந்தப் பேரு போயி ஆறு மாசந்தான் ஆவுது.”