சிவப்புப் பூசிய முளைகள்

போன வாரம் அலுவிகாரையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், தொப்பி போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டே என் கையில் ஒரு தாளைத் திணித்துவிட்டுப் போனாள். சும்மா கொடுக்கிற எதையும் முதலில் முகர்ந்து பார்ப்பது என் வழக்கம். சிரிக்காதீர்கள். கருவாட்டை எல்லாரும் முகர்ந்துதான் வாங்குகிறார்கள். நான் பிஸ்கட் பொட்டலத்தையும் முகர்ந்து, தேதியை இரண்டு தடவை படித்து, கடைக்காரர் முகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவேன். என் மகள் இதை ஒரு வியாதி என்கிறாள். இருக்கட்டும், இத்தனை வயதுக்கு மேல் மருந்தா தேடப் போகிறேன்?

வழவழப்பான தாள். கம்பியில் தொங்கிக்கொண்டு காட்டுக்கு மேலே போகும் ஒரு வெள்ளைக்காரர், தலைக்கவசத்தோடு சைக்கிள் ஓட்டும் பெண்கள், புல்வெளியில் வரிசையாகக் கூடாரங்கள். இயற்கையின் மடியில் வெளிப்புற விளையாட்டுகள் என்று மூன்று மொழியிலும் போட்டிருந்தார்கள். யாருக்காம் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டே மடிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கூடாரங்களுக்குப் பின்னால் ஒரு பலாமரம். கீழ்க்கிளை ஒன்று தரைவரை வளைந்து மறுபடி மேலே ஏறுகிற பலா இந்த மாத்தளையில் வேறெங்கும் இல்லை. அது எங்கள் கிரவுண்டு. தாளை இன்னொரு தடவை முகர்ந்தேன். புது மை வாசம், கொஞ்சம் பெயின்ட் மாதிரி இருந்தது.

பெயின்ட் வாசம் வந்தால் எனக்கு முளைக்கட்டைகள்தான் ஞாபகத்துக்கு வரும். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பலாபத்வலைக்கு மேலே, ரப்பரும் கொக்கோவும் கலந்து நின்ற தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. தொட்டில் ஆட்டுவது, பால் காய்ச்சுவது, ஒன்று அழுதால் எல்லாம் அழும் என்பதால் அந்த முதல் ஒன்றை அழவிடாமல் பார்ப்பது, இதுதான் உத்தியோகம். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் கிரவுண்டு. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும்வரை ஆண்கள் கிரிக்கெட் அடிப்பார்கள். அதன்பிறகு எங்கள் முறை. ஓட்டை வாளியின் வாய் வளையத்தைக் கம்பத்தில் கட்டி வலைப்பந்து ஆடுவோம். ஆடின நேரத்தைவிட, பந்து உள்ளே போனதா இல்லையா என்று சண்டை போட்ட நேரம் அதிகம்.

அந்த கிரவுண்டை வாரநாளிலும் ஆண்டவள் பரமேஸ். என் கூட்டாளி, ரப்பர் பால் வெட்டுகிறவள். விடியற்காலை மரங்களைக் கீறி, பதினொரு மணிக்கெல்லாம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பிப்பாள். சப்பாத்து கிடையாது. நிறைந்த பால் வாளியோடு சரிவில் சிந்தாமல் இறங்கிப் பழகிய கால், வெறுங்கையோடு விட்டால் கேட்கவா வேண்டும்? ஜன்னலில் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் சுற்றை எண்ணுவேன்.

"அடுத்த வருசம் வயசு தாண்டிரும்டி. இந்த வருசப் போட்டியில எண்ணூறு மீட்டர்ல மொதலா வந்துட்டேன்னா மாவட்டத்துக்கு எடுப்பாங்க. அப்புறம் இந்த வாளியத் தூக்குற வேலயே வேணாம்" என்பாள். அவள் கையில் எந்நேரமும் ரப்பர் பால் நாற்றம். அது போகவேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

ஒரு புதன்கிழமை காலை, தொப்பி வைத்த ஒரு சிங்கள அதிகாரி மாத்தயாவும் இரண்டு ஆட்களும் நாடாவோடு வந்தார்கள். கிரவுண்டை அளந்து, தலையில் சிவப்புப் பெயின்ட் பூசிய முளைகளைச் சுற்றிவர அறைந்தார்கள். நான் போய்ச் சிங்களத்தில் எதற்கு என்று கேட்டேன். விளையாட்டுக்குத்தான் என்று சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்கு விளையாட்டுக் கொடுக்க இவ்வளவு தூரம் ஏறி வருகிறவர் யார்?

தோட்டத்தில் முளை அறைந்தால் என்ன நடக்கும் என்பது தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மேல் பிரிவில் ரோடு போடுகிறோம் என்று அறைந்தார்கள். ரோடு இன்றுவரை வரவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த மரக்கறித் தோட்டங்கள் மட்டும் போயின. அதனால் எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. நாடாவைக் கண்டால் பேசாதே, அவர்கள் திரும்பியதும் முளையைப் பிடுங்கு.

அவர்கள் பகல் சாப்பாட்டுக்குப் பலாபத்வலைக்கு இறங்கியதும் நான்தான் லயத்துக்கு ஓடினேன். "கிரவுண்ட புடிக்கப் போறாங்க, வாங்க" என்றேன். பால் நிறுத்துவிட்டு வந்த பரமேஸ் ஒரு நொடி தயங்கினாள். "விளையாட்டுக்குன்னு சொன்னாராமே?" என்றாள். "சொல்லுவாரு. நீ நம்பு" என்றேன் நான். பதினொரு பெண்கள் இறங்கினோம். அதிகம் பிடுங்கியவள் பரமேஸ். ஓடி ஓடிப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் பிள்ளைக்காம்பரா அடுப்பில் வைத்துத்தான் அன்றைக்குப் பால் காய்ச்சினேன். பெயின்ட் எரிந்த வாசத்தில் ஒரு குழந்தையும் வாய் வைக்கவில்லை. எனக்கென்னவோ யுத்தத்தில் ஜெயித்தமாதிரி இருந்தது.

பத்து நாள் கழித்து அமீர் நானா கடையில் பருப்பு வாங்கும்போது அவர் கேட்டார்: "என்ன மகள், ஒங்கட ஆக்கள் கட்டையெல்லாம் புடுங்கிட்டாங்களாமே? விளையாட்டுப் போட்டி வைக்கத்தானே அந்த மாத்தயா ஓட்டப்பாதை அளக்க வந்தவர். தோட்டத்து ஆக்களுக்கு விருப்பமில்லண்டு இப்ப வில்கமுவைக்கு மாத்திட்டாங்க."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முளைகளை எதற்கு நீள்வட்டமாக அறைகிறார்கள் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நேராக அறைந்தால்தானே நிலம் பிடிப்பு?

வில்கமுவை எங்கே, பலாபத்வலை எங்கே. போட்டி நாளன்று முதல் பஸ் பிடித்து, நாவுலையில் இறங்கி, அடுத்த பஸ் வருமா வராதா என்று இரண்டு மணி நேரம் நின்று, கடைசியில் நெல் மூட்டை ஏற்றிய ட்ராக்டர் பெட்டியில் தொற்றிக்கொண்டு நானும் அவளும் போய்ச் சேர்ந்தபோது எண்ணூறு மீட்டர் முடிந்திருந்தது. ஜெயித்த பெண் சோடா குடித்துக்கொண்டிருந்தாள். அதே தொப்பி மாத்தயா அங்கே நின்றார். பரமேஸ் அவரைத் தாண்டிக் கோட்டுக்குப் போனாள். பாவாடையைச் செருகிக்கொண்டு தனியாக ஓடினாள். அந்த மனுஷர் என்ன நினைத்தாரோ, கையிலிருந்த கடிகாரத்தை அழுத்தினார். அவள் வந்து நின்றதும் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவள்தான் முதல் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டு, எதிலும் எழுதாமல் கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

திரும்பி வரும்போது நான் அழுதேன். "விடு. நெறைய புடுங்குனது நான்தானே" என்றாள் பரமேஸ். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அதன்பிறகு இருபத்திரண்டு வருஷம் அந்த வாளியைத் தூக்கினாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் கிரவுண்டில் மறுபடியும் சிவப்பு முளை. அதே பெயின்ட் வாசம். இந்தத் தடவை நேர்கோட்டில் அறைந்திருந்தார்கள். பால் வெட்டுகிற சின்னப் பெண்கள் என்னிடம் வந்து, "அக்கா, விளையாட்டுக்குன்னுதான் சொல்றாங்க. புடுங்கிறலாமா?" என்று கேட்டார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? "வேணாம், ஒருதடவ புடுங்கித்தான் கெட்டோம். நல்லதுக்கா இருக்கும், விடுங்க" என்றேன். அவர்களும் பெரியவள் சொல்கிறாளே என்று விட்டுவிட்டார்கள். அந்த மாத்தயாக்கள் பொய் சொல்லவில்லை பாருங்கள். விளையாட்டுக்குத்தான் எடுத்தார்கள்.

வேலி போட்டதிலிருந்து அந்தப் பக்கமே போகாத நான், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேற்று பரமேஸைக் கூட்டிப்போனேன். முழங்கால் வலிக்கிறது என்றவள் வந்துவிட்டாள். பச்சைக் கம்பி வேலி. பிள்ளைக்காம்பராவை வெள்ளையடித்து, வருகிறவர்களுக்குச் சாவி கொடுக்கிற இடமாக்கியிருக்கிறார்கள். வாசலில் காவலாளி எங்கள் மணிக்கட்டைப் பார்த்தார். பட்டி கட்டியவர்களுக்குத்தான் அனுமதியாம். லயத்துப் பிள்ளைகள் இப்போது ரோட்டு வளைவில் பந்தடிக்கிறார்கள். லொறி ஹாரன் அடித்தால் கலைந்து, மறுபடி கூடுகிறார்கள்.

பரமேஸ் வேலியைப் பிடித்துக்கொண்டு கூடாரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படுவியே. ரெண்டாவது தடவ ஒனக்குச் சந்தேகமே வரலியா?"

"வந்துச்சு. நேரா அறைஞ்சிருக்காங்கன்னு பார்த்தேன். சொல்லத்தான் பயந்துட்டேன்."

அவள் வேலியிலிருந்து கையை எடுத்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். முன்பு ஓட்டத்தை ஆரம்பிக்கிற மூலையிலிருந்து, வேலிக்கு வெளியே விட்டுப்போன பழைய தடத்தில் நடக்க ஆரம்பித்தாள். நான் பழக்கதோஷத்தில் எண்ணினேன். முப்பத்தொன்றாவது காலடியில் கம்பி மறித்தது. அங்கேயே நின்று திரும்பி, "எத்தன?" என்று கேட்டாள்.