காசிமேட்டில் ஒதுங்கிய குளிர்காலம்

போன வியாழக்கிழமை காலையில் என் மனைவி காலமாகிவிட்டதாக எனக்குச் செய்தி வந்தது. செய்தி வந்தபோது அவள் சமையலறையில் எனக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

செய்தி கொண்டுவந்தவள் எங்களுக்கு வாடிக்கையாக மீன் போடும் பொன்னாத்தா. காசிமேட்டுக் குப்பத்துக்காரி. காலிக் கூடையைத் தெருவில் வீசிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயோ சாரே! மகராசி பூட்டாங்களே! எங்க கரையாண்ட ஒதுங்கிக் கெடக்கறாங்களே! நேத்துகூட வஞ்சிரம் வோணும்னு கேட்டாங்களே!"

டம்ளரும் கையுமாக என் மனைவி வெளியே வந்தாள். "யாரு பொன்னாத்தா செத்தது?"

பொன்னாத்தா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கால் தரையில் படுகிறதா என்று குனிந்தும் பார்த்தாள். பிறகு கோபம் வந்துவிட்டது.

"நீ உசுரோட கீறியா? அப்ப உம் பொடவைய கட்டிக்கினு அங்க கெடக்கிறவ யாரு? அந்த அரக்குப் பொடவ, மாங்கா போட்ட கரை... நான் பாத்ததில்லியா?"

என் மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் காப்பியைப் பார்த்தேன். அவள் உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு காசிமேட்டுக்குக் கிளம்பிவிட்டேன். பெட்டி மூடுகிற வரை காத்திருக்க எனக்கென்ன பைத்தியமா?

உங்களிடம் சொல்ல என்ன... எல்லாம் ஹெலனா அம்மாளால் வந்தது.

நான் யானைக்கவுனியில் ஒரு மெஷின் ஏஜென்ஸியில் பேனா பிடித்துக் குமாஸ்தா வேலை பார்க்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மெஷின் மாட்டிக்கொடுக்க, போலந்து தேசத்திலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்திருக்கிறார். மெஷினோடு அவர் மல்லாடுகிறார். அவருடைய சம்சாரம் ஹெலனா அம்மாளோடு நான் மல்லாடுகிறேன். "உமக்குத்தான் இங்கிலீஷ் வருமே, அந்த அம்மாளுக்கு வேண்டியதைக் கவனியும்" என்று மானேஜர் சொல்லிவிட்டார். வேண்டியது என்றால் பால், ரொட்டி, கொசுவலை என்று நினைத்தேன்.

அந்த அம்மாளுக்கு வேண்டியது இயற்கை!

ராயபுரத்தில் இயற்கைக்கு நான் எங்கே போவேன்? ரயில் கரி உண்டு. கப்பல் புகை உண்டு. கருவாட்டு வாசனை வேண்டிய மட்டும் உண்டு. பங்களா வாசலில் தப்பித்தவறி ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதில் ஒரு கொத்து இலை பறிப்பதற்கு முன் அந்த அம்மாள் மரத்தைத் தொட்டு, மன்னிப்புக் கேட்டு, அது சம்மதிக்கும்வரை நிற்கிறாள். தினம் அதே மரத்தில் குச்சியை ஒடித்துப் பல் தேய்க்கிறவன் நான். என்னை அவள் கசாப்புக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

வீட்டுக்கு ஒரு காவல் தெய்வமாம். அடுப்புக்குப் பின்னால் அதற்குத் தினம் ரொட்டியும் பாலும் வைக்க வேண்டும். வைத்த பால் தினமும் காலி. அந்தத் தெய்வத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மீசை உண்டு, வால் உண்டு. இப்போது மதில் ஏற முடியாத அளவுக்குத் தொந்தியும் உண்டு.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன புதன்கிழமை ஆரம்பித்தாள் — குளிர்காலத்தை அனுப்பிவைக்க வேண்டுமாம்.

"எந்தக் குளிர்காலம்?" என்றேன். சென்னையில் குளிர்காலம் என்பது மார்கழியில் மப்ளர் கட்டிக்கொள்ள ஒரு சாக்கு. அதுவும் போய், பங்குனி பிறந்து, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவள் விளக்கினாள். மஜன்னா என்று ஒருத்தி. குளிருக்கும் சாவுக்கும் அவள்தான் அதிதேவதை. வைக்கோலில் அவளைப் பொம்மையாகச் செய்து, ஒரு பெண்ணின் பழைய துணியை உடுத்தி, பாடிக்கொண்டே கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். வரும்போது பச்சைக் கிளை ஒன்றுக்கு ரிப்பன் கட்டி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மாதாகோவில் வருவதற்கு முந்திய வழக்கமாம். பாதிரிமார் எத்தனையோ தடுத்துப் பார்த்தும் அவள் கிராமத்தார் விடவில்லையாம்.

"அவளை மூழ்கடிக்காவிட்டால் வெயில் வராது."

"அம்மா! அப்படியானால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், தயவு செய்து மூழ்கடிக்காதீர்கள்!"

அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்குப் பிறர் கண்ணில் நீர் வந்தால் தாங்காது. அதனால்தான் நான் உருப்படவில்லை. வைக்கோல் வாங்கிக்கொடுத்தேன். பழைய துணிக்கு வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து, எனக்குப் பழசாகத் தோன்றிய ஒரு புடவையை எடுத்துக்கொடுத்தேன். பெண்களின் புடவையில் பழசு எது, புதுசு எது என்று கண்டுபிடித்த ஆண்பிள்ளை இந்தப் பட்டணத்தில் யாராவது உண்டா?

அடுத்து ஆறு. "உங்கள் ஊர் ஆற்றைக் காட்டுங்கள்" என்றாள். கூவத்தையா காட்டுவது? அதில் போட்டால் குளிர்காலம் போட்ட இடத்திலேயே அடுத்த குளிர்காலம்வரை நிற்கும். எண்ணூர்க் கழிமுகம்வரை பஸ்ஸில் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போகவும் எனக்கு மனமில்லை. "ஆறு என்ன பிரமாதம்? கடலே இருக்கிறதே!" என்றேன்.

அன்று சாயங்காலமே ராயபுரம் கரையில் போட்டோம். பாடினாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். ஆறு வாங்கிக்கொண்டால் கொண்டுபோய்விடும். கடல் அப்படியில்லை. வாங்கும், யோசிக்கும், வேறு எங்கேயாவது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடும்.

காசிமேட்டில் வைத்திருந்தது.

நான் போனபோது குப்பமே வட்டமாக நின்றது. யாரோ துடுப்பால் பொம்மையைப் புரட்டிவிட்டிருந்தார்கள். ஹெலனா அம்மாள் வரைந்த சிவப்பு வாயும் கறுப்புக் கண்ணும் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. கட்டுமரங்கள் அத்தனையும் மணலிலேயே இருந்தன. குப்பத்துத் தலைவர் ஆறுமுகம் நேரே என்னிடம் வந்தார்.

"பொணமா இருந்தா போலீசாண்ட சொல்லிட்டு எங்க வேலையப் பாத்துகினு பூடுவோம். இது பொம்ம. எவனோ குப்பத்துக்கு சூனியம் வெச்சிக்கீறான். இத்தத் தாண்டி ஒரு மரமும் எறங்காது. இத்தினி நாளு காத்தடிச்சி கடலுக்கே போவல சாரே. இன்னிக்குத்தான் அமிஞ்சி கீது. நாளைக்கு மறுபடி காத்து வந்தா புள்ளைங்க கஞ்சிக்கு இன்னா பண்ணும்?"

பொன்னாத்தாவின் காலிக் கூடை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். எவனும் வைக்கவில்லை, ஒரு வெள்ளைக்கார அம்மாள் குளிர்காலத்தைப் போட்டிருக்கிறாள் என்றேன். ஆறுமுகம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"போட்டவங்களே வந்து எடுத்துகினு போவட்டும்."

ரிக்‌ஷாவில் போய் ஹெலனா அம்மாளை அழைத்துவந்தேன். இறங்கினாள். பொம்மையைப் பார்த்தாள். சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிட்டாள்.

"பாத்தியா மாமு! வெச்சவளுக்கே பயம்! மூஞ்ச திருப்பிகினா பாரு!" என்றது கூட்டம்.

"அம்மா, எடுத்துவிடுங்கள். இவர்கள் பிழைப்பு கெடுகிறது" என்றேன். நனைந்த மஜன்னாவைத் தொடக்கூடாது என்றாள். தொட்டால் கை விளங்காமல் போய்விடுமாம்.

"இன்னா சொல்லுது?" என்றார் ஆறுமுகம்.

மொழிபெயர்ப்பாளனுக்கு நேர்மை வேண்டும் என்று யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. அப்படியே சொல்லித் தொலைத்தேன். வட்டம் ஒரே நொடியில் மூன்று மடங்கு பெரிதாகிவிட்டது. நடுவில் மஜன்னாவும் நானும்தான்.

"நீயே எடு சாரே!" என்று ஒரு குரல். "பேயும் இல்ல, பிசாசும் இல்லன்னு வாசகசாலை மைக்ல கத்துனியே! இன்னா, பேஜாரா கீதா?"

கத்தினேன். வாஸ்தவம். கைதட்டல்கூட வந்தது. இப்போது குனிந்தேன். வலது கையை நீட்டினேன். எழுதுகிற கையாயிற்றே என்று தோன்றியது. இடது கையை நீட்டினேன். யோசித்துப் பார்த்தால் அதற்கும் தினசரி உபயோகம் இருக்கிறது. போலந்திலிருந்து கப்பலேறி வந்த ஒரு பயம், ஒரு நிமிஷத்துக்குள் குப்பத்துக்கும் எனக்கும் சொந்தமாகிவிட்டது. எங்களுக்கு உள்ளூர்ப் பயம் போதாதா?

அப்போது கூட்டம் விலகியது. என் மனைவி!

யாரையும் கேட்கவில்லை. நேரே வந்தாள், உட்கார்ந்தாள், முடிச்சை அவிழ்த்தாள், பொம்மையை உருட்டிப் புடவையை உருவினாள். உதறினாள். வைக்கோல் பறந்தது.

"எம் புடவை. நான் எடுக்கறதுக்கு யாரு என்ன சொல்றது?" என்றாள் பொதுவாக. பிறகு எனக்கு மட்டும்: "பாத்திரக்காரனுக்குப் போட்டு எவர்சில்வர் குண்டான் வாங்கணும்னு வெச்சிருந்தேன். பொம்மைக்குக் கட்ட உங்க வேட்டி இல்லியா?"

"கை... கை நல்லா கீதாம்மா?" என்றாள் பொன்னாத்தா தூரத்திலிருந்து. என் மனைவி அந்தக் கையால் என்னைச் சுட்டிக்காட்டினாள். நன்றாகவே இருந்தது.

ஆனாலும் மரங்கள் இறங்கவில்லை. வைக்கோல் கிடக்கிறதே! எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கிருந்தோ ஒரு மாடு வந்தது. ராயபுரத்து மாடு, யாருக்கும் பயப்படாத ஜாதி. முகர்ந்தது. உப்பு ஊறிய வைக்கோல் அதற்குப் பிடித்துவிட்டது. தின்ன ஆரம்பித்தது. விரட்ட ஒருவரும் அசையவில்லை. மாடு விழுகிறதா என்று குப்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நானும்தான்.

கடைசித் துரும்பையும் தின்றது. மஜன்னாவின் தலையையும் விடவில்லை. வாலைச் சுழற்றி ஈ ஓட்டியது. இன்னும் இருக்கிறதா என்று என் வேட்டியை முகர்ந்தது.

ஆறுமுகம் சிரித்துவிட்டார். "தள்ளுங்கடா!"

மரங்கள் கடலில் விழுந்தன. ஹெலனா அம்மாள் திரும்பாமலே கேட்டாள்: "போய்விட்டாளா?" போய்விட்டாள் என்றேன். எந்த வழியாக என்று சொல்லவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அன்று வலை கொள்ளாமல் மீன் பட்டுவிட்டது! மறுநாளே ஆறுமுகம் வீடு தேடி வந்து, வாசலில் வைத்துக் குப்பத்தின் முடிவைக் காதோடு சொல்லிவிட்டுப் போனார். வருஷா வருஷம் பங்குனியில் பொம்மை போட வேண்டுமாம். ராசியான புடவையாம், அதையேதான் கட்ட வேண்டுமாம்.

என் மனைவிக்கு இன்னும் தெரியாது. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அவள் படிப்பதில்லை என்பதால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்.