பிரேக்கைப் பிடிக்க ஓர் ஆள்

ஒரு தீபாவளிக்கு மறுநாள் மாட்டிய சங்கிலி, அடுத்த தீபாவளிக்குள் தேய்ந்துவிட்டது. விடுமுறைதோறும் டெங்கில் ஊர்ப் பக்கம் போய், செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் பேட்டரி சைக்கிள் ஓட்டினால் அப்படித்தான். பல்சக்கரங்களும் சேர்ந்தே தேய்ந்திருந்தன. எல்லாவற்றையும் நானே மாற்ற உட்கார்ந்தேன். செந்தூல் அடுக்குமாடியில் தனியாக இருப்பவனுக்கு, எதையும் தானே செய்யும் பிடிவாதம் வந்துவிடுகிறது.

பெடலோடு சுற்றும் பல்சக்கரம் மட்டும் கழலவில்லை. ஸ்பானரைத் திருப்பினால் சைக்கிளே நகர்ந்தது. யாராவது ஏறி உட்கார்ந்து பிரேக்கைப் பிடிக்க வேண்டும். யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை.

கடைசியில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவரோடு லிப்டில் தலையசைப்பதோடு சரி.

“அண்ணே, அஞ்சு நிமிஷம் சைக்கிள்ல உக்காந்து பிரேக்க புடிக்க முடியுமா?”

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். “ஓடிடாதுல்ல?”

“பேட்டரிய கழட்டிட்டேன். எங்கயும் போகாது.”

“போனாலும் பரவால்ல லா. நமக்கு எங்க வேல இருக்கு?”

பல்சக்கரம் கழன்றது, புதியது ஏறியது. வேலை முடிந்தும் அவர் இறங்கவில்லை. பெடலைப் பின்னோக்கி மிதித்து, புதுச் சங்கிலியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இனிமே எப்ப கழட்டணும்?”

அடுத்த தீபாவளிக்கு என்பதுதான் உண்மை.

“வர்ற சனிக்கிழமை ஒரு தடவ இறுக்கணும்ணே.”

“அப்ப காலையிலயே வாங்க. டீ போட்டு வைக்கிறேன்.”

தைப்பூசமும் போய்விட்டது. அந்தப் பல்சக்கரம் ஒரு முறைகூடத் தளரவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை இறுக்கிக்கொண்டிருக்கிறோம்.