முடிச்சில்லாச் சவுரி

என் சின்ன மருமகள் போன சித்திரையில் பெங்களூரிலிருந்து வந்தபோது தலை நிறையச் சின்னச் சின்னச் சடையாகப் பின்னிக்கொண்டு வந்தாள். நாற்பதுக்குக் குறையாது. ஒவ்வொன்றும் எலிவால் கனம். பார்லரில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து போட்டதாம். "பாதி என் முடி, பாதி வாங்குன முடி அத்தை. எங்க சேருதுன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்று தலையை நீட்டினாள். தடவிப் பார்த்தேன். வேரில் அவள் முடியாகவே இறங்கி, போகப் போக மற்ற முடி கலந்து கனத்திருந்தது. முடிச்சு என்று ஓரிடத்திலும் விரலுக்குத் தட்டுப்படவில்லை.

எங்கள் திண்டுக்கல் புழுக்கத்துக்கு அந்தத் தலை இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. தண்ணீர் ஊற்றக் கூடாதாம், சொறியக் கூடாதாம், படுக்கும்போது பட்டுத் துணி சுற்ற வேண்டுமாம். போனில் எழுதி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம், "அத்தை, தலை கொதிக்குது. குளிர்ச்சியா உங்க கைவைத்தியம் ஏதாச்சும் தடவுங்களேன்" என்று என் முன்னால் வந்து குனிந்து உட்கார்ந்தாள்.

"ஒன்னும் தடவப்படாது. ஃபேனுக்கு அடியில போய் உக்காரு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன்.

அத்தைக்கு என் சடை பிடிக்கவில்லை என்று அவள் என் மகனிடம் சொல்லி வருத்தப்பட்டாளாம். சடை நன்றாகத்தான் இருந்தது. குனிந்த அந்தத் தலைதான் எனக்கு ஆகவில்லை. அதே மாதிரி ஒரு தலை என் முன்னால் குனிந்திருந்தபோது எனக்கு ஒன்பது வயது.

அப்போது எங்கள் வீடு மலைக்கோட்டைக்குக் கீழே இருந்தது. பாறை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் அதை எங்கள் தெருவுக்கே திருப்பிக் கொடுக்கும். அப்பாவுக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள், நானும் அக்காவும். தை மாதம் சித்தையன்கோட்டையிலிருந்து வந்து அக்காவைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டுப் போனார்கள். வைகாசியில் கல்யாணம் என்று வைத்திருந்தது. மாசியில் அக்காவுக்கு விஷக்காய்ச்சல் வந்து இருபத்தோரு நாள் படுத்துவிட்டாள். பிழைத்து எழுந்தபோது முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. இடுப்புக்குக் கீழே கிடந்த சடை, கோழி வால் மாதிரி ஆகிப்போயிற்று.

அதற்குள் பூ வைக்க வருகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் விட்டுவிட்டார்கள். பூ வைப்பது என்றால் மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் பெண்ணின் சடையில் பூ வைத்து, இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று உறுதி சொல்லிப் போவது. வைக்கச் சடை வேண்டாமா? நோயாளிப் பெண் என்று பேச்சு வந்துவிட்டால் சம்பந்தமே நின்றுபோகும் என்று அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. அப்பா பட்டறைக்குப் போகாமல் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் சவுரிக்காரியைக் கூப்பிட்டு வந்தார்கள். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவள். தெருத் தெருவாகப் போய்ச் சீப்பில் உதிர்ந்த முடியை வாங்கிக்கொண்டு ஊக்கும் ஊசியும் கொடுப்பாள். அந்த முடியைச் சிக்கெடுத்துச் சவுரி கட்டி விற்பாள். பேர் என்னவோ, யாரும் கேட்டதில்லை. எங்களுக்கு அவள் சவுரிக்காரி.

காய்ச்சலில் கொட்டிய முடியை அம்மா ஒரு மஞ்சள் பையில் சேர்த்து வைத்திருந்தாள். சவுரிக்காரி அதை விரித்துப் பார்த்து, "வேற முடியே வேணாம் தாயி. பிள்ளை முடிய வச்சே பிள்ளைக்குச் சவுரி கட்டிருவேன்" என்றாள். மற்றவர்கள் சவுரியைக் கயிறு மாதிரி வேரில் முடிந்து தொங்க விடுவார்கள். இவள் அப்படிச் செய்யவில்லை. முடிச்சுப் போட்டால் காய்ச்சல் கண்ட முடி வேரோடு வந்துவிடும் என்று சொல்லி, அக்காவின் முடியில் மூன்று இழை எடுத்துப் பின்னத் தொடங்கி, போகப் போகச் சவுரியை மயிரிழை மயிரிழையாக ஊட்டிக்கொண்டே வந்தாள். அப்படி எட்டுச் சடை. எட்டையும் சேர்த்து ஒரே பெரிய சடையாக முறுக்கி விட்டாள். பார்த்தால் பழைய அக்கா.

போகும்போது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"பாப்பா, இனி இது உன் பொறுப்பு. பத்து நாளைக்குத் தலையில தண்ணி விடப்படாது. வேர்க்கும், அரிக்கும், சொறிய விடாத. விரல் நுனியால தட்டு. வெட்டிவேர் ஊறுன தண்ணியில மெல்லிசுத் துணிய முக்கிப் பிழிஞ்சு, வகிடு வகிடா ஒத்தி எடு. ஒத்துன கையோட விசிறிக் காய வை. ஈரம் நின்னா நாறும். எண்ணெய், கஞ்சி, வழுவழுன்னு இருக்குற எதுவும் ஆகாது. வழுக்குனா அம்புட்டுத்தான்."

நான் என் சடையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு நின்றேன். ஒன்பது வயதில் என் முடி முழங்கால் வரை கிடக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டுப் பார்க்காமல் போனதில்லை. முடியே தொழிலாக இருக்கிறவள், அவளும் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றுதான் நின்றேன். நுனியை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தாள்.

"நெறையத்தான் இருக்கு. ஆனா முரட்டு முடி. சவுரிக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

என் முடியைக் குறை சொன்ன முதல் ஆள் அவள்தான். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஏழு நாள் அவள் சொன்னபடியே செய்தேன், மனசில்லாமல். இடையில் ஒரு கோடை மழை பெய்து நின்றது. அதற்குப் பிறகு காற்றே இல்லை. பாறையும் தரையும் ஆவி விட்டன. வியர்வை காயாமல் வழிந்தது. அக்கா உட்கார்ந்தாலும் அரித்தது, படுத்தாலும் அரித்தது. நான் ஒத்தி எடுத்து, ஓலை விசிறியால் வீசி வீசித் தோள் கழன்றுபோயிற்று. அம்மாவோ, "அவ முன்னாடி உன் முடியத் தொங்க விட்டுத் திரியாதடி, கொண்டை போட்டுக்க" என்று என்னைத்தான் வைதாள். பார்க்க வந்தவர்களும் அக்காவின் தலையைத்தான் பார்த்தார்கள். என் கொண்டையை யாரும் கேட்கவில்லை.

எட்டாம் நாள், பூ வைப்பதற்கு முந்தின நாள், அம்மா கடைக்குப் போயிருந்தாள். அக்கா தலையைக் குனிந்து என் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

"எரியுதுடி. ஏதாச்சும் பண்ணு. இல்லாட்டி எல்லாத்தையும் பிச்சு எறிஞ்சிருவேன்."

கொல்லையில் செம்பருத்திச் செடி நின்றது. வெள்ளிக்கிழமை தோறும் அந்த இலையைக் கசக்கித்தான் அம்மா என் தலைக்குத் தேய்ப்பாள். குளிர்ச்சி என்றால் அப்படிக் குளிர்ச்சி. என் முடி இப்படி வளர்ந்தது அதனால்தான் என்று எல்லாருக்கும் சொல்லுவாள். சவுரிக்காரிக்கு என்ன தெரியும் என்று தோன்றியது. அக்காவின் மேல் பாவமாக இருந்தது என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பாவமும் இருந்திருக்கும். பெரும்பங்கு அந்த முரட்டு முடிப் பேச்சுத்தான்.

இரண்டு கை இலை பறித்து, அம்மியில் வைத்து நசுக்கி, கொழகொழவென்று வந்ததைப் பிழிந்து வகிட்டுக்கு வகிடு தடவினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "ஆத்தாடி, உயிர் வந்துச்சு. என்னடி அது?" என்றாள்.

"வெட்டிவேர்த் தண்ணிதான்."

அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். எட்டு நாளில் அவள் கண்ணயர்ந்தது அன்றைக்குத்தான். ஈரத் துணியால் மேலாகத் துடைத்து விசிறினேன். காய்ந்து மொரமொரவென்று நின்றது. ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா என்று சவுரிக்காரியிடம் மனசுக்குள் கேட்டேன்.

மறுநாள் அவர்கள் பதினோரு பேர் தட்டுகளோடு வந்தார்கள். சின்ன வீடு. அத்தனை மூச்சும் உள்ளே. வாசல் கதவைத் திறந்து வைத்தும் புழுக்கம் குறையவில்லை. அக்கா பட்டுச்சேலையில் நனைந்துகொண்டிருந்தாள். காய்ந்திருந்த கொழகொழப்பு வியர்வை பட்டு மறுபடி ஊறும் என்று எனக்கு எங்கே தெரியும்? நான் முன்வரிசையில் உட்கார்ந்து மிட்டாய் தின்றுகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரியான மனுஷி. "காய்ச்சல்ல கெடந்தான்னு யாரோ சொன்னாக. ஆனா முடி அடர்த்தி கொறையலையே, மதினி" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நெருக்கமாகக் கட்டிய மல்லிகைப் பந்தைப் பிரித்து, ஏழெட்டு முழத்தை மடித்துச் சடையில் சொருகினார். நன்றாக நிற்கட்டும் என்று கீழே ஒரு இழுப்பு இழுத்தார்.

சடை அவர் கையோடு வந்துவிட்டது.

பூவும் சடையுமாகக் கையில் பிடித்தபடி அவர் நின்றார். யாரோ ஒரு பிள்ளை சிரித்தது, அதன் வாயைப் பொத்தினார்கள். அக்கா அழவில்லை. முந்தானையை எடுத்துத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "முடிச்சுப் போடாம ஏமாத்திப்புட்டாளே, படுபாவி!"

"சவுரி வைக்கிறது ஊர்ல இல்லாததா? காய்ச்சல்ல முடி போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. எங்களுக்கும் பொம்பளப் பிள்ளைக இருக்கு" என்றார் அந்த அம்மா. பூவைச் சடையிலிருந்து பிரித்து அக்காவின் தலையில் வைக்காமல் மடியில் வைத்தார். காப்பி குடிக்காமல் கிளம்பினார்கள்.

மறுநாள் காலையில் சவுரிக்காரியை ஆள் விட்டுக் கூட்டி வந்தார்கள். அப்பா நாற்காலியில், அம்மாவும் பெரியம்மாவும் அவருக்குப் பின்னால். சவுரிக்காரி வாசற்படிக்கு வெளியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கழன்ற சடையை வாங்கிப் பார்த்தாள். விரலை ஓட்டினாள். ஓரிடத்தில் நிறுத்தி, நகத்தால் ஏதோ சுரண்டி உள்ளங்கையில் தேய்த்தாள். பச்சையாகத் தெரிந்தது. மோந்து பார்த்தாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். "பாப்பா, வெட்டிவேர்த் தண்ணி மட்டுந்தான ஒத்துன?"

"ஆமா."

"வேற ஒன்னும் வைக்கலயா? நெனச்சுப் பாத்துச் சொல்லு, ராசாத்தி."

என் நகக்கண்ணில் இன்னும் பச்சை போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "தண்ணி மட்டுந்தான்."

"பச்சப்பிள்ளைய என்னத்துக்கு மெரட்டுற?" என்றாள் பெரியம்மா. "ஒழுங்கா முடிச்சுப் போடத் துப்பில்ல, பிள்ளை மேல பழி போட வந்துட்டா."

சவுரிக்காரி சடையைத் துடைத்து, சுருட்டி, படியில் வைத்தாள். "என் கைப்பழுதுன்னே வச்சுக்கங்க தாயி. மறுபடியும் பின்னித் தாரேன்."

அப்பா, இந்தத் தெருப் பக்கம் தலை காட்டக் கூடாது என்றார். அவள் எழுந்து போனாள். அப்பா சொன்னது தெருவுக்கே தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் உதிர்ந்த முடியை அவளுக்கு எடுத்து வைக்கவில்லை.

அக்காவின் கல்யாணம் நிற்கவில்லை. ஆவணிக்குத் தள்ளிப்போய் நடந்தது. ஆனால் போன வீட்டில் நாத்தனார்கள் வெகுகாலம் அவளைச் சவுரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளிடமும் நான் சொல்லவில்லை. அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

அன்றைக்கு வாசலில் நின்ற எனக்கு ஒரே சந்தோஷம், சவுரிக்காரிக்குத் தெரியவில்லை, தப்பித்தோம் என்று. கொஞ்சம் விவரம் வந்த பிறகு, தெரிந்துதான் காட்டிக் கொடுக்காமல் விட்டாள், சின்னப் பிள்ளை என்று இரக்கப்பட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு சௌகரியமாக இருந்தது. அதிலேயே பாதி ஆயுசை ஓட்டிவிட்டேன். இரக்கமெல்லாம் இல்லை. அவள் உள்ளங்கைப் பச்சையைக் காட்டி, உங்கள் மகள்தான் செய்தாள் என்று சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் யார் நம்பியிருப்பார்கள்? கேள்வியாகக் கேட்டதற்கே பெரியம்மா அந்தப் பாய்ச்சல் பாய்ந்தாள். நான் சொன்னால் மட்டும்தான் எடுபடும். அந்த வாசலில் அவளுக்காகப் பேசக்கூடிய வாய் என்னுடையது ஒன்றுதான். அதனால்தான், என்னை வாய்க்கு வந்த வார்த்தையெல்லாம் சொல்லித் திட்ட வேண்டியவள், ராசாத்தி என்று கூப்பிட்டு இரண்டாம் தரமும் கேட்டாள்.