அடுப்படிக்குப் போன சீட்டுப் பணம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நாங்கள் திருக்கோகர்ணத்தில் இருந்தோம். என் கணவர் தபாலாபீஸில் குமாஸ்தா. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்தேன். வீடு அவருடைய தகப்பனார் வழியில் வந்த பழைய ஓட்டு வீடு. அவருக்கு அறந்தாங்கிக்கு மாற்றல் வரப்போகிறது என்று தெரிந்ததும், இதை விற்றுவிட்டு அங்கே ஒரு மனை வாங்குவதென்று பேசி முடித்தோம்.

பார்க்க வந்த தரகர் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். "இப்படியே வித்தா அடிமாட்டு விலைக்குத்தான் கேப்பாங்க. மேல ஒரு ரூம் எழுப்பிடுங்க. போட்டது ரெட்டிப்பா வரும்" என்றார். என் கணவருக்கு அந்த யோசனை உடனே பிடித்துவிட்டது. வீட்டுப் பத்திரத்தை வைத்து வட்டிக்கு வாங்கலாம் என்றார். விற்கப்போகிற வீட்டை அடகு வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஆசிரியைகள் சேர்ந்து நடத்திய ஏலச்சீட்டில் நான் மாதாமாதம் கட்டிவந்தேன். ஏலத்தில் கொஞ்சம் தள்ளுபடி போனாலும் மொத்தப் பணத்தை முன்னதாகவே எடுத்துவிட்டு, மிச்சத் தவணையைப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.

"சீட்டை நான் எடுக்குறேங்க. ஆனா எதுக்குச் செலவழிக்கலாம்னு பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"எங்கிட்டுப் போய்ப் பாக்கப் போற?" என்று அவர் சிரித்தார்.

உண்மையில் எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர்களின் கண் முதலில் எங்கே போகிறது? ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு, வாங்க வந்தவர்கள்போல, விலைக்கு வந்திருந்த மூன்று வீடுகளுக்குப் போனேன். அங்கிருந்தவர்கள் மோர் கொடுத்து உபசரித்ததில் எனக்குக் கூச்சமாகப் போயிற்று. முதல் வீட்டில் மாடி இருந்தது. ஏறிப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. இரண்டாவது வீட்டு அடுப்படியில் நின்ற சிறிது நேரத்தில் கண் எரிந்து வெளியே வந்துவிட்டோம். மூன்றாவது வீட்டில் அடுப்புக்கு மேலே புகைபோக்கி, கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு. பகலில் விளக்கில்லாமல் அரிசியில் கல் பொறுக்கலாம்போல வெளிச்சம். அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, "மாடி வேண்டாங்க, அடுப்படியச் சரி பண்ணினாப் போதும்" என்றேன். அவருக்கு மனமில்லைதான். ஆனால் சிமெண்டும் இரும்பும் கிடைக்காத காலம். கொத்தனாரும் மாடிக்குத் தயங்கினார். அதனால் என் பேச்சு எடுபட்டது.

சீட்டை எடுத்தேன். புகைபோக்கியும் கண்ணாடி ஓடும் வைக்கிற வேலை பத்து நாள் நடந்தது. இடித்த மண்ணை வீட்டுக்குள் அள்ளிக்கொண்டு போனால் புழுதி என்று, கொத்தனார் அடுப்படியின் பின்சுவரை உடைத்துக் கொல்லைப் பக்கம் வழி செய்தார். எல்லாம் முடிந்ததும் அந்த வழியை அடைக்கச் சொன்னோம்.

"கொட்டகையில ஒரு பழைய கதவு சாஞ்சு கெடக்கே. அதையே மாட்டிவிட்டா ஒங்களுக்குச் செங்கல் மிச்சங்க" என்றார். சரியென்று விட்டுவிட்டோம்.

அடுத்த மாதம் ஒரு நெல் வியாபாரியும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் தூண்களைத் தட்டிப் பார்த்தார். வரி ரசீது கேட்டார். அந்த அம்மாள் நேரே அடுப்படிக்குப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு இருவரும் கிணற்றடியில் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். வீடு பழையபடி இருந்தால் கிடைக்கும் என்று தரகர் சொல்லியிருந்த விலைக்கு மேல், சீட்டுப் பணம் போக மிச்சம் நிற்கும்படி ஒரு தொகைக்கு முடிந்தது.

பத்திரம் பதிந்த அன்று அந்த அம்மாளிடம் கேட்டேவிட்டேன்: "அடுப்படி ஒங்களுக்குப் பிடிச்சுதாங்க?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் ஆசைப்பட்டது அந்தக் கொல்லைக் கதவுக்குங்க. எங்க மாமியா நாளெல்லாம் கூடத்துலதான் இருப்பாக. எங்க போற, ஏன் போறன்னு கேட்டுக்கிட்டே இருப்பாக. இனிமே இப்படிக்கூடி கோயிலுக்குப் போயிட்டு வந்துருவேன்." குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்காரவுகட்ட சொல்லிறாதீங்க. காத்து நல்லா வருதுன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

இதை என் கணவரிடம் சொன்னபோது அவருக்கும் ஆர்வம் பிடித்துக்கொண்டது. கதவுப் பேச்சை எடுக்காமல், வீட்டை எதற்காக வாங்கினீர்கள் என்று மட்டும் போய் வியாபாரியைக் கேட்டார். மாட்டு வண்டி வாசல் வரைக்கும் வருகிறது, மூட்டை இறக்கத் தோது, அதனால்தான் வாங்கினேன் என்றாராம் அவர். எங்கள் தெருவில் வண்டி எப்போதுமே வாசல் வரை வந்துகொண்டுதான் இருந்தது.

"அப்ப புகைபோக்கிக்கு யாரு காசு குடுத்தா?" என்று கேட்டார் என் கணவர். எனக்கு அது இன்றுவரை தெரியவில்லை.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் நான் கேட்காமலே சீட்டுப் பணத்தை மட்டும் தனியாக எண்ணிக் கைக்குட்டையில் முடிந்து என் முன்னால் வைத்தார். "இது ஒன்னோடது. மிச்சத் தவணை கட்டணும்ல" என்றார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் என் சம்பாத்தியத்தை என்னுடையது என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.