நூற்றிருபத்தெட்டாவது எண்

மானிட்டரம்மா என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. பழைய மின்சாதனக் கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே அவளுடைய கடை. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். அதற்குள்ளேயே பதினெட்டு வருடங்களாகச் செத்த மானிட்டர்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன் ஓர் அலுவலகத்தில் தரை துடைத்தாள். அங்கே குப்பையில் போட்ட மானிட்டர்களை வீட்டுக்கு இழுத்துவந்து திறந்து பார்த்தாள். உப்பிப்போன கெப்பாசிட்டரை மாற்றினால் பாதி மானிட்டர்கள் எழுந்து உட்கார்ந்துவிடும் என்று யாரும் சொல்லித் தராமலே கண்டுபிடித்துக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் அவளை அதிகம் கிண்டல் செய்தது நாத்தனார்தான். வீட்டுக்காரருடைய தங்கை. "எங்க அண்ணன் பொண்டாட்டியைக் கட்டிக்கிட்டு வரல, எலெக்ட்ரீஷியனைக் கட்டிக்கிட்டு வந்துட்டான்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். மானிட்டரம்மா சும்மா விடுவாளா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை திருப்பிக் கொடுப்பாள். அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் கலகலவென்று போகும்.

நாத்தனாருக்குப் பிறவியிலேயே பார்வை மட்டு. கண்ணாடி போட்டாலும் ஓரளவுக்குத்தான். முகத்தைத் திரையோடு ஒட்டிவைத்துப் படிப்பாள். ஆனால் படித்ததில் ஒரு தப்பு தங்காது. பதினோரு இடங்களில் வேலை கேட்டு, பதினோரு இடத்திலும் கண்ணைப் பார்த்தே திருப்பி அனுப்பினார்கள். பன்னிரண்டாவது இடத்தில்தான் கிடைத்தது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற சீட்டு இருக்கிறதே, எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தோடு, அதை அச்சடிக்கிற நிறுவனம். இவள் பிழை பார்ப்பவள். வேலைக்குச் சேர்ந்த அன்று மானிட்டரம்மா தன் கடையிலேயே பெரிய மானிட்டராக ஒன்றைத் தேற்றி, சுத்தம் செய்து, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோய் அவள் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். கிண்டலுக்குப் பதில் அப்படித்தான் கொடுத்தாள்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. போன மாதம் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். அன்றிலிருந்து ஏழரை.

பழைய கம்ப்யூட்டரில் இருந்த சாக்கெட் புதியதில் இல்லை. எச்.டி.எம்.ஐ. என்கிற சாக்கெட் மட்டும்தான். மானிட்டருக்குப் பின்னால் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனியாக ஒரு குட்டிச் சிப் உண்டு. கேபிளைச் செருகியதும், 'நான் இன்னார், என்னால் இவ்வளவு காட்ட முடியும்' என்று அது கம்ப்யூட்டரிடம் சொல்லும். இந்த மானிட்டரில் குறுக்கே இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது புள்ளிகள். ஆனால் எச்.டி.எம்.ஐ. சிப்பில் மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது என்று எழுதிவைத்து அனுப்பியிருந்தான் அதைச் செய்தவன். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது, மகராசன்! கம்ப்யூட்டர் அதை நம்பி மூன்று புள்ளி அனுப்ப, மானிட்டர் அதை இழுத்து நாலு புள்ளியில் பூசியது. நமக்கெல்லாம் லேசாக மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். நாத்தனாருக்கு எழுத்தெல்லாம் தண்ணீர் பட்ட மை மாதிரி ஆகிவிட்டது.

மூன்று வாரத்தில் இரண்டு பிழைகளைத் தவறவிட்டாள். மேலாளரிடம் ஒரு புத்தகம் உண்டு. பிழை ஒன்றுக்கு ஒரு சிவப்புக் கோடு. மூன்றாவது கோடு விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அது யாராக இருந்தாலும்.

"ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாத்துக்கற சிஸ்டம்காரர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்று மானிட்டரம்மா கேட்டாள்.

"சொன்னேன் அண்ணி. கம்ப்யூட்டர்ல எதையும் ஏத்தக் கூடாதாம், எதையும் மாத்தக் கூடாதாம். மானிட்டர் உங்களுது, அதை என்ன வேணா பண்ணிக்கங்கன்னுட்டாரு."

"அப்படியா சொன்னாரு? அது போதும்."

கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்றால், மானிட்டரே தன் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்குச் சிப்பில் இருக்கிறதை மாற்றி எழுத வேண்டும். மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மறுநாள் மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் மானிட்டரம்மா பையோடு மாடியேறினாள். ஒன்று முதல் ஒன்றே முக்கால் வரை அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். ஒன்றே முக்காலுக்கு நாத்தனார் பிழை பார்க்க வேண்டிய அடுத்த கட்டுப் பக்கங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும்.

மாடியில் காலை வைத்ததுமே அவளுக்குப் பிடிக்காத ஒன்று தெரிந்தது. தரை அதிர்ந்தது.

"என்னடி இது?"

"கீழ அச்சு மெஷின் அண்ணி. நேத்து நான் பாத்துக் குடுத்த சீட்டுதான் ஓடுது. சாப்பாட்டு நேரத்துலயும் நிறுத்த மாட்டாங்க."

திட்டிக்கொண்டே மானிட்டரை மேசையில் குப்புறப் படுக்கவைத்தாள். கரண்டைப் பிடுங்கினாள், சிப்புக்கு வேண்டிய துளி மின்சாரம் கேபிள் வழியாகவே வந்துவிடும். மூடியைக் கழற்றி, தன் மடிக்கணினியிலிருந்து கேபிளைச் செருகி, முதலில் சிப்பில் உள்ளதைப் படித்தாள். நூற்றிருபத்தெட்டு எண்கள். அதைப் பென்சிலால் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டாள், வரிசைக்குப் பதினாறாக எட்டு வரிசை. கம்ப்யூட்டரில் நகல் இருக்கும்போது கையால் எதற்கு என்று ஊரே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். பதினெட்டு வருடத்தில் அந்த நோட்டு அவளைக் கைவிட்டதில்லை.

"மாத்த வேண்டியது பதினெட்டு நம்பர்" என்றாள். "கடைசி ஒண்ணு இருக்கு பாரு, நூத்தி இருபத்தெட்டாவது. அதுதான் கணக்குப்பிள்ளை. எல்லாத்தையும் கூட்டினா இருநூத்தி அம்பத்தாறால மீதியில்லாம வகுபடணும். அதுக்குத் தக்கபடி அதையும் மாத்தணும். கணக்கு ஒதைச்சா கம்ப்யூட்டர் மானிட்டரை ஒரு வார்த்தைகூட நம்பாது."

"எழுதும்போது கெட்டுப் போச்சுன்னா?"

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

நோட்டில் மாற வேண்டிய எண்களுக்குப் பக்கத்தில் புது எண்களையும் எழுதிக்கொண்டாள். சிப்புக்கு எட்டுக் கால்கள். ஒரு கால் பூட்டு. அந்தக் காலை ஒரு கம்பியால் பக்கத்து உலோகத்தில் தொட்டுப் பிடித்திருக்கும் வரைதான் புது எண் உள்ளே போகும். அரிசியில் பாதிகூட இல்லாத கால். மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பியை வைத்தாள். நாத்தனார் பொத்தானை அழுத்தினாள். எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. நாற்பது, அறுபது, எண்பது. கீழே மெஷின் தடதடத்தது, கம்பியின் நுனி நடுங்கியது. அவள் மணிக்கட்டை மேசையில் அழுத்திக்கொண்டாள். முடிந்தது.

நிமிர்த்திவைத்து அலுவலகக் கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். திரை எரிந்தது. நாத்தனார் முகத்தைக் கிட்டே கொண்டுபோகவே வேண்டியிருக்கவில்லை. எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமனுக்கு, கோணல்மாணலாக நின்றது. ஒரு பக்கத்தில் கால்வாசிகூடத் திரைக்குள் அடங்கவில்லை.

"அண்ணி, என்ன அண்ணி இது? இருந்ததும் போச்சா?"

மானிட்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று இருபது. இந்தப் பெண்ணின் சோற்றில் தன் கையாலேயே மண்ணைப் போட்டுவிட்டோமா என்று ஒரு நொடி உடம்பே கூசியது. பிறகு தலையில் அடித்துக்கொண்டு, மானிட்டரை மறுபடி படுக்கவைத்து, சிப்பைப் படித்து, நோட்டோடு விரல் வைத்து ஒப்பிட்டாள். ஏழு வரிசையும் சரி. எட்டாவது வரிசையில் பதினைந்தும் சரி. கடைசி எண் பழையதாகவே இருந்தது.

"கணக்குப்பிள்ளை ஏறல. கடைசி நொடியில கம்பி விலகியிருக்கு. இந்தப் பாழாப்போன மெஷின்!"

மறுபடி கம்பியை வைத்தாள். வழுக்கியது. மறுபடி வைத்தாள். இந்தத் தடவை கம்பி பக்கத்துக் காலை உரசியது. சட்டென்று கையை எடுத்துவிட்டாள். அங்கே தவறித் தொட்டால் சிப்பே போய்விடும். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்தது. மணி ஒன்று முப்பத்தொன்று.

"இருங்க அண்ணி" என்றாள் நாத்தனார். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "சத்தம் மாறுது. தாள் தீரப் போகுது. புதுக் கட்டு வைக்கறப்போ கொஞ்ச நேரம் நிறுத்துவாங்க. தினமும் கேக்கறேனே, எனக்குத் தெரியாதா?"

இருவரும் காத்திருந்தார்கள். ஒரு நிமிடம். ஒன்றரை. அந்த அறையில் கடிகார முள் நகர்வதைவிட வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. திடீரென்று தரை அடங்கியது.

"இப்போ!"

கம்பி உட்கார்ந்தது. பொத்தான் அழுந்தியது. ஒரே ஒரு எண். படித்துப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், மறுபடி படித்துப் பார்த்தாள். அவள் மூடியை வைப்பதற்குள் கீழே மெஷின் மறுபடி உறுமத் தொடங்கியது.

இந்தத் தடவை திரை ஒருமுறை கறுத்து, பிறகு விரிந்தது. ஐயோ, என்ன தெளிவு! மானிட்டரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாத்தனார் முகத்தைத் திரையிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு பார்த்தாள். கம்ப்யூட்டர் மாறியதிலிருந்து அவள் எதையும் அவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

"ஏதாவது பக்கத்தைத் தொறந்து பாரேன். சின்ன எழுத்தா இருக்கற மாதிரி."

திரையில் இருந்த பக்கங்களின் பட்டியலில் முதலாவதாக இருந்ததைத் திறந்தாள். நேற்று அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பியது. குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து. வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தவள் நின்றாள். மேலே போனாள். மறுபடி அதே வரிக்கு வந்தாள்.

"அண்ணி, இதை நீங்க படிங்க."

"வேளைக்கு இருபத்தஞ்சு மில்லி" என்று படித்தாள் மானிட்டரம்மா. "ஏன்?"

"ரெண்டரை. ரெண்டு புள்ளி அஞ்சு. மூலப்பிரதியில அப்படித்தான் இருக்கு." அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். "நேத்து அங்க என்னவோ மங்கலா இருந்துச்சு. புள்ளின்னு நெனச்சேன்."

தரை அதிர்ந்துகொண்டிருந்தது. கீழே ஓடுவது இதேதான்.

மானிட்டரம்மாவின் வாயிலிருந்து அப்போது வந்ததை அவள் பிறகு ஒருநாளும் மறக்கவில்லை, நினைக்கும்போதெல்லாம் வெட்கப்பட்டாள். "மூடுடி அதை. நீ பாக்கல, நானும் பாக்கல. பெட்டியில போடறதுக்கு முன்னால வேற யாராவது பாப்பாங்க."

"வேற யாரும் பாக்க மாட்டாங்க அண்ணி. நான்தான் கடைசி."

"மூணாவது கோடுடி!"

"தெரியும்."

சுவரைத் தடவிக்கொண்டே அவள் படியிறங்குகிற சத்தம் கேட்டது. மானிட்டரம்மா கையில் நாலு திருகாணியை வைத்துக்கொண்டு நின்றாள். அரை நிமிடம் ஆகியிருக்கும். மெஷின் நின்றது. இது தாள் மாற்றுகிற நிறுத்தம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

மேலாளர் நாத்தனாரோடு மேலே வந்தார். திரையைப் பார்த்தார். கையிலிருந்த அச்சுச் சீட்டைப் பார்த்தார். அதோடு இருந்த ஒப்புதல் தாளில் கையெழுத்தைப் பார்த்தார்.

"உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான் சார்."

"நல்ல வேளை, எதுவும் வெளிய போகல. வந்து சொன்னதுக்கு நன்றிம்மா." கையிலிருந்த சீட்டை மடித்தார். "ஆனா கோடு கோடுதான். ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். இன்னிக்கு இருந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு வர வேண்டாம்."

மானிட்டரம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "தானா வந்து சொன்னவளுக்கா சார் இது? மூணு வாரமா மங்கலா இருக்கு, மங்கலா இருக்குன்னு கத்தினாளே, அப்போ ஒருத்தர் காதுலயாவது விழுந்துச்சா?"

அவர் கதவருகே போய் நின்றுகொண்டார். போகவும் இல்லை, வரவும் இல்லை.

"வாடி. மானிட்டர் நம்மளுது. இப்பவே கழட்டி எடுத்துட்டுப் போலாம்." கேபிளில் கையை வைத்தேவிட்டாள்.

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மதியக் கட்டு கம்ப்யூட்டருக்கு வந்திருந்தது. "சாயந்திரம் கழட்டலாம் அண்ணி. இன்னும் இருபது பக்கம் இருக்கு. இதெல்லாம் நாளைக்கு ஓடப் போற சீட்டு."

"உனக்கென்னடி தலையெழுத்தா?"

"வெளிச்சத்தை மறைக்காதீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மானிட்டரம்மா கேபிளிலிருந்து கையை எடுத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நாத்தனார் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வரி வரியாகப் போனாள். முதல் பக்கம், இரண்டாவது, மூன்றாவது. நாலாவது பக்கத்தின் நடுவில் நிறுத்தி, திரையிலேயே ஓர் எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாள். இரத்த அழுத்த மாத்திரை. அங்கேயும் ஒரு புள்ளியைக் காணோம்.

"சார்" என்று திரும்பாமலே கூப்பிட்டாள். "இதையும் பாத்துடுங்க."

கதவருகே நின்றவர் உள்ளே வந்தார்.